போர்ட்டோவை ஒரே நாளில் கைடுடன் சுற்ற: முதல் முறை போகிறவர்களுக்கு

லிஸ்பனிலிருந்து சுமார் மூன்று மணி நேர ரயில் பயணத்தில் போர்ட்டோவுக்கு வந்துவிடலாம். போர்த்துகலின் இரண்டாவது பெரிய நகரம். ஒரே ஒரு நாள் ஒதுக்கி வருகிறவர்கள்தான் அதிகம். ஒரு நாள் போதுமா என்றால், பழைய நகரத்தையும் ஒரு ஒயின் கிடங்கையும் நிதானமாகப் பார்க்கப் போதும். ஆனால் எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் வைத்துக்கொள்வது என்ற வரிசை தவறினால், பாதி நாள் மூச்சு வாங்கிக்கொண்டு மேடு ஏறுவதிலேயே போய்விடும்.

காரணம் ஊரின் அமைப்பு. டோரு ஆறு கடலில் சேர்வதற்குச் சில கிலோமீட்டர் முன்னால் ஆழமான பாறைப் பள்ளத்தில் ஓடுகிறது. வடகரைச் சரிவில் போர்ட்டோ, தென்கரைச் சரிவில் விலா நோவா டி காயா என்ற தனி ஊர். போர்ட்டோவின் பெயரைத் தாங்கிய, இனிப்பும் வீரியமும் உள்ள போர்ட் ஒயின் போர்ட்டோவில் விளைவதும் இல்லை, அங்கே வைக்கப்படுவதும் இல்லை. திராட்சை விளைவது கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் கிழக்கே, டோரு பள்ளத்தாக்கில். பீப்பாயில் முதிர்வது காயாவில். வடகரையில் மனிதர்களும் தென்கரையில் பீப்பாய்களும் குடியிருந்த ஊர் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே என் திட்டம் இதுதான்: காலையில் மேல்நகரத்தில் தொடங்கி இறங்கிக்கொண்டே ஆற்றங்கரைக்கு வர வேண்டும். அங்கே வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். பிற்பகலில் ஆற்றின் குறுக்கே உள்ள இரட்டைத் தளப் பாலத்தின் கீழ்த்தளம் வழியாக காயாவுக்குப் போய் ஒயின் கிடங்கு. மாலையில் கேபிள் காரில் ஏறி, பாலத்தின் மேல்தளம் வழியாகத் திரும்ப வேண்டும். எந்த டூர் வாங்கினாலும் அதன் பாதை இந்தத் திசையில் போகிறதா என்று முதலில் பாருங்கள்.

எந்த டூர் வாங்குவது

இணையத்தில் தேடினால் இரண்டு வேறு சரக்குகள் கலந்து வரும். ஒன்று நகரச் சுற்று. இன்னொன்று டோரு பள்ளத்தாக்குச் சுற்று; அதில் காலையிலேயே வேனில் ஏற்றி, மலைச்சரிவுத் தோட்டங்களுக்குக் கூட்டிக்கொண்டு போய் இரவில்தான் விடுவார்கள். நகரத்தில் ஒரு தெருவைக்கூடப் பார்க்க முடியாது. 'போர்ட்டோ ஒயின் டூர்' என்ற தலைப்பை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடாமல், புறப்படும் இடத்தையும் முடியும் இடத்தையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நகரச் சுற்றிலும் வகைகள் உண்டு. 'இலவசம்' என்று சொல்லும் நடைச்சுற்றுகள் இரண்டரை மூன்று மணி நேரம் ஓடும். கடைசியில் கைடுக்கு நாமாகக் கொடுக்கும் பணம்தான் அவருக்குச் சம்பளம். தலைக்குப் பத்து யூரோ கொடுப்பது மரியாதை, கைடு நன்றாகப் பேசினால் கூடவும் கொடுக்கலாம். இவற்றில் கூட்டம் இருபது முப்பது பேரைத் தாண்டினால் பின்வரிசையில் நிற்பவருக்கு எதுவும் காதில் விழாது. இரண்டாவது, எட்டுப் பத்துப் பேர் மட்டும் போகும் கட்டண டூர். மதியச் சாப்பாடும் கிடங்கு நுழைவும் சேர்ந்தே வரும். முதல் முறை போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். மூன்றாவது, குடும்பத்துக்கென்று தனியாக ஒரு கைடு வைத்துக்கொள்வது. வயதான அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் அந்தச் செலவு நியாயமானது. அவர்கள் வேகத்துக்கு நடக்கலாம், வேண்டும்போது உட்காரலாம்.

மூன்று கிடங்கு, ஒன்பது கோப்பை என்று ஆசை காட்டும் டூர்களும் இருக்கின்றன. வேண்டாம். போர்ட் ஒயினில் சாராயச் சத்து 19 முதல் 22 சதவீதம் வரை இருக்கும். சாதாரண ஒயினைவிட அது ஒன்றரை மடங்குக்கு மேல். இரண்டாவது கிடங்கில் கைடு சொல்வது எதுவும் மண்டையில் ஏறாது. ஒன்றே போதும், அதை ஒழுங்காகப் பார்க்க வேண்டும்.

முந்தின நாள் செய்ய வேண்டியவை

கிடங்குக்குத் தனியாகப் பதிவு செய்வதானால், ஆங்கிலத்தில் நடக்கும் சுற்றுக்கு எந்த நேரம் என்று பார்த்து, பிற்பகல் மூன்று மணியை ஒட்டிப் போடுங்கள். கோடைக்காலத்தில் நேரில் போய் நின்றால், இடம் இருப்பது போர்த்துகீசிய மொழிச் சுற்றில் மட்டும்தான் என்று சொல்லிவிடக்கூடும்.

செருப்பு விஷயத்தில் கறாராக இருங்கள். தெருக்கள் கருங்கல் பாவியவை; பல நூறு வருட நடையில் வழவழப்பாகிவிட்டவை. மழை பெய்தால் வழுக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை இந்த ஊரில் நல்ல மழை உண்டு. தோல் அடிப்பகுதி உள்ள செருப்பும் குதிகால் உயர்ந்த செருப்பும் அறையிலேயே இருக்கட்டும். மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் நடக்கத் தோதானவை. ஜூன் 23 இரவு சாவோ ஜோவாவ் திருவிழா. ஊரே தெருவில் மத்தி மீன் சுட்டுக்கொண்டு, முன்பின் தெரியாதவர்கள் தலையில் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டு திரியும். பார்க்க வேண்டிய கூத்துதான், ஆனால் அன்றும் மறுநாளும் கைடு டூர் வைத்துக்கொள்ளாதீர்கள்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர மெட்ரோ இருக்கிறது. ஊதா நிற 'இ' தடம், ட்ரின்டாடே நிலையம் வரை சுமார் அரை மணி நேரம். ஆன்டான்டே என்ற அட்டையை இயந்திரத்தில் வாங்கி, ஏறும் முன் நடைமேடையில் உள்ள கருவியில் காட்ட வேண்டும். நம்மூர் மெட்ரோபோலத் தடுப்புக் கதவு இருக்காது, அதனால் காட்ட மறந்துவிடுவது சுலபம். பரிசோதகர் வந்தால் அபராதம். ஆளுக்கு ஒரு அட்டை, பகிர்ந்துகொள்ள முடியாது.

காலை: ரயில் நிலையத்தில் தொடங்குங்கள்

நிறைய டூர்கள் சாவோ பென்ட்டோ ரயில் நிலையத்திலோ அதற்குப் பக்கத்திலோ தொடங்குகின்றன. ஒன்பது மணி டூர் என்றால் எட்டரைக்கே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் அந்த முன்கூடம் செல்ஃபி எடுக்கும் கூட்டத்தால் நிரம்பிவிடும்.

சுவர் முழுக்க நீலமும் வெள்ளையுமாய் ஓடுகள். ஏறத்தாழ இருபதாயிரம் ஓடுகளில் ஜோர்ஜ் கொலாசோ என்ற ஓவியர் வரைந்தது. நிலையம் திறந்தது 1916-இல். அதற்கு முன் அங்கே ஒரு கன்னியர் மடம் இருந்தது. மடங்களை மூடும் சட்டம் வந்த பிறகும், உள்ளே இருந்த கடைசிக் கன்னியாஸ்திரி காலமாகும்வரை காத்திருந்துதான் கட்டடத்தை எடுத்துக்கொண்டார்கள். அவர் இறந்தது 1892-இல். ஆவி உலவுகிறது என்று கைடு ஒரு கதை விடுவார், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓடுகளில் எதைப் பார்ப்பது? ஒரு பக்கச் சுவரில் கழுத்தில் கயிற்றோடு ஒரு குடும்பம் ராஜா முன்னால் நிற்கும். எகாஸ் மோனிஸ் என்பவர் தன் இளவரசன் கீழ்ப்படிவான் என்று லியோன் என்ற பக்கத்து நாட்டு ராஜாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இளவரசன் வாக்கை மீறினான். எகாஸ் மோனிஸ் மனைவி மக்களோடு போய், 'எங்கள் உயிரை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று நின்றாராம். ராஜா மன்னித்து அனுப்பினார் என்பது கதை. எதிர்ச்சுவரில் 1415-இல் வட ஆப்பிரிக்காவின் சியூட்டாவைப் பிடித்த காட்சி. அந்தப் படையெடுப்பில் இருந்த இளவரசர் ஹென்ரிக் இதே ஊரில் 1394-இல் பிறந்தவர். ஆப்பிரிக்கக் கரையோரமாகக் கப்பல்களை அனுப்பிக்கொண்டே இருந்தவர் அவர். அவர் இறந்து நாற்பது வருடத்துக்குள், 1498-இல், வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கினார். நம் கடற்கரைகளின் பிற்காலச் சரித்திரத்துக்கு இந்தச் சுவரில் ஒரு முன்கதை இருக்கிறது.

இங்கிருந்து மேற்கே கொஞ்சம் ஏறினால் 75 மீட்டர் உயரமுள்ள கிளேரிகோஸ் கோபுரமும், 1906-இல் கட்டிய லெல்லோ புத்தகக் கடையும் வரும். கோபுரத்தை வெளியிலிருந்து பார்த்தால் போதும். உள்ளே இருநூறுக்கு மேற்பட்ட குறுகலான படிகள். அதே காட்சி மாலையில் தென்கரையிலிருந்து சும்மாவே கிடைக்கும். லெல்லோவுக்கு நுழைவுச் சீட்டு உண்டு, புத்தகம் வாங்கினால் அதைக் கழித்துக்கொள்வார்கள். படிக்கட்டு அழகுதான், ஆனால் வரிசையில் நிற்கும் நேரம் ஒரு நாள் பயணிக்குக் கட்டுப்படியாகாது. இன்னொரு நாள் தங்குகிறவர்கள் முன்பதிவு செய்து முதல் ஆளாக நுழையலாம்.

பேராலயத்திலிருந்து இறக்கம்

ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட ஏற்றம், சே பேராலயம். இந்த நாளில் கொஞ்சம் சிரமப்பட்டு ஏறுவது இதுதான். 12-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கட்டடம். பார்த்தால் கோயிலா கோட்டையா என்று சந்தேகம் வரும். 1387-இல் முதலாம் ஜோவாவ் ராஜா இங்கிலாந்தின் ஃபிலிப்பாவை மணந்தது இங்கேதான். போர்த்துகலுக்கும் இங்கிலாந்துக்கும் இருக்கும் பழைய சம்பந்தத்தில் இந்தக் கல்யாணம் பெரிய கண்ணி. பிற்பகலில் காயாவின் கிடங்குகளில் டெய்லர், கிரஹாம், சாண்டமன் என்று ஆங்கிலேய, ஸ்காட்டியப் பெயர்களாகப் பார்க்கும்போது அது நினைவுக்கு வரும்.

பேராலயத்துக்கு முன்னால் உள்ள திறந்தவெளியிலிருந்து எட்டிப் பார்த்தால் ஆறும் எதிர்க்கரையும் தெரியும். நீளநீளமான சிவப்பு ஓட்டுக் கூரைகள், மேலே ஆள் உயரத்துக்கும் பெரிய எழுத்துகளில் கம்பெனிப் பெயர்கள். பிற்பகலில் போக வேண்டிய கிடங்கு எது என்று இங்கேயே கைடைக் காட்டச் சொல்லுங்கள். அது கரையோரமாக இருக்கிறதா, மேட்டில் இருக்கிறதா என்று தெரிந்துகொண்டால் நேரம் கணக்கிடச் சுலபம்.

இங்கிருந்து பாரேடோ பகுதிச் சந்துகள் வழியாகப் படிப்படியாக இறங்க வேண்டும். ஒரு கை நீட்டினால் எதிர்வீட்டுச் சுவரைத் தொட்டுவிடலாம், அவ்வளவு ஒடுக்கம். மேலே துணி காயும். கீழே ஒரு பாட்டி கதவைத் திறந்துபோட்டுக் கிழங்கு சீவிக்கொண்டிருப்பார். இந்தப் பழைய நகரமும் பாலமும் எதிர்மேட்டு மடமும் 1996-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. ஆனால் இவை ஆட்கள் வசிக்கும் வீடுகள். ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள், சந்தில் சத்தம் போட்டுப் பேசாதீர்கள். நல்ல கைடு இதைத் தானாகவே சொல்வார்.

டூரில் போல்சா மாளிகை சேர்ந்திருந்தால் அது இறக்கத்தின் அடியில் வரும். ஊர் வணிகர் சங்கம் 1842-இல் கட்டத் தொடங்கியது. அதன் அரேபியக் கூடம் பகட்டின் உச்சம். பக்கத்தில் உள்ள சாவோ பிரான்சிஸ்கோ தேவாலயம் எனக்கு அதைவிடப் பிடிக்கும். வெளியே வெறும் கருங்கல்; உள்ளே தூண், கூரை, பீடம் எல்லாம் தங்கப் பூச்சு போட்ட மரச் சிற்பம். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் தேவாலயத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ரிபெய்ரா கரையில் சாப்பாடு

ஆற்றங்கரைக்கு ரிபெய்ரா என்று பெயர். பாலத்தை நோக்கி நடக்கும்போது சுவரில் ஒரு வெண்கலப் புடைப்புச் சிற்பத்தின் முன்னால் மெழுகுவர்த்திகள் எரிவதைப் பார்க்கலாம். 1809 மார்ச் 29 அன்று, பிரெஞ்சுப் படை நகரத்துக்குள் நுழைந்தபோது, மக்கள் தென்கரைக்குத் தப்பி ஓட முயன்றார்கள். அப்போது இருந்தது படகுகளைப் பிணைத்துப் போட்ட மிதவைப் பாலம். கூட்டம் தாங்காமல் அது முறிந்து, ஆயிரக்கணக்கானவர்கள் ஆற்றோடு போனார்கள். இன்றும் ஊர்க்காரர்கள் வந்து விளக்கு ஏற்றுகிறார்கள். கூட்டத்தோடு கூட்டமாகக் கடந்துபோகாமல் கைடை அங்கே நிறுத்திச் சொல்லச் சொல்லுங்கள்.

இனிச் சாப்பாடு. கரையோர முதல் வரிசைக் கடைகளில் காட்சிக்கும் சேர்த்து விலை. இரண்டு சந்து உள்ளே போனால் விலையும் குறையும், ருசியும் கூடும். உட்கார்ந்ததும் கேட்காமலேயே ரொட்டி, ஆலிவ், வெண்ணெய், சீஸ் எல்லாம் மேஜைக்கு வந்துவிடும். அது உபசாரம் இல்லை. தொட்டால் பில்லில் ஏறும். வேண்டாம் என்றால் உடனே எடுத்துப்போகச் சொல்லிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு ஊர்ப் பலகாரங்கள் உண்டு. ஃபிரான்செசின்யா என்பது ரொட்டிக்கு நடுவே மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சி வகைகளும் அடுக்கி, சீஸ் போர்த்தி, தக்காளியும் பீரும் சேர்ந்த காரக் குழம்பை மேலே ஊற்றித் தருவது. ஒன்றை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள். முழுசாகச் சாப்பிட்டுவிட்டுப் பாலம் கடப்பது கஷ்டம். இன்னொன்று குடல் கறி, வெள்ளை பீன்ஸ் போட்டு வேகவைத்தது. சியூட்டாவுக்குப் போன கப்பல்களுக்கு நல்ல இறைச்சியை எல்லாம் கொடுத்துவிட்டுக் குடலை மட்டும் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். போர்ட்டோக்காரர்களுக்குக் 'குடல்தின்னிகள்' என்றே பட்டப்பெயர். ஆட்டுக்குடல் குழம்பு பிடித்தவர்கள் தைரியமாகக் கேட்கலாம், ஆனால் இங்கே மாட்டுக்குடல், காரம் கம்மி.

சைவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கால்டோ வெர்டே என்ற கீரை சூப் பச்சைப்பசேலென்று இருக்கும், ஆனால் உள்ளே ஒரு துண்டு தொத்திறைச்சி மிதக்கும். 'காய்கறி ஃபிரான்செசின்யா' என்று போட்டிருந்தாலும் குழம்பு இறைச்சி வேகவைத்த சாற்றில் செய்ததா என்று கேளுங்கள். 'சென் கார்னெ, சென் பெய்ஷெ' என்றால் இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று அர்த்தம். டூரில் சாப்பாடு சேர்ந்திருந்தால் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள்; அன்று காலையில் சொன்னால் ஆம்லெட்தான் கிடைக்கும். எப்படியும் ஒன்று: வெறும் வயிற்றோடு காயாவுக்குப் போகாதீர்கள்.

பாலம் கடந்து கிடங்குக்கு

டோம் லூயிஸ் பாலம் இரட்டைத் தளம் கொண்ட இரும்பு வளைவு, 172 மீட்டர் அகலம் தாண்டுகிறது. 1886-இல் மேல்தளம் திறந்தார்கள். ஈஃபில் கட்டியது என்று சில கைடுகள் அடித்துவிடுவார்கள். வடிவமைத்தவர் தேயோஃபில் செய்ரிக், ஈஃபிலின் முன்னாள் பங்காளி. ஈஃபில் கம்பெனி கட்டியது கொஞ்சம் கிழக்கே உள்ள மரியா பியா ரயில் பாலம், 1877-இல். இப்போது அதில் ரயில் ஓடுவதில்லை. கோடையில் உள்ளூர்ப் பையன்கள் கீழ்த்தளத்திலிருந்து ஆற்றில் குதித்துக் காட்டிக் காசு கேட்பார்கள். அதற்குக் காசு கொடுத்து ஊக்குவிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

தென்கரையில் இறங்கியதும் ஆற்றில் ரபேலோ படகுகள் கட்டியிருக்கும். தட்டையான அடிப்பகுதி, பின்னால் நீண்ட துடுப்பு, நடுவில் பீப்பாய்கள். அறுவடை முடிந்த ஒயினைப் பள்ளத்தாக்கிலிருந்து பாறைகளுக்கு நடுவே வெள்ளத்தோடு கொண்டுவந்தவை இவைதான். ரயில் வந்து, பிறகு ஆற்றில் அணைகள் கட்டிய பிறகு அந்தத் தொழில் முடிந்தது. இப்போது கட்டியிருப்பவை விளம்பரத்துக்கு.

கைடு கட்டாயம் சொல்லும் ஒரு கதை 1861 மே மாதத்தில் நடந்தது. வலேய்ரா என்ற இடத்தில் நீர்ச்சுழலில் ஒரு படகு கவிழ்ந்தது. அதில் இருந்தவர் ஜோசப் ஜேம்ஸ் ஃபாரஸ்டர், டோரு ஆற்றை வளைவு விடாமல் வரைபடமாக்கிய ஆங்கிலேயர். ஒயினில் சாராயம் கலப்பதே கூடாது என்று சண்டை போட்டவரும் அவர்தான். கூடவே திராட்சைத் தோட்டங்களின் பெரிய முதலாளி டோனா அன்டோனியா ஃபெரெய்ரா. இடுப்பில் கட்டியிருந்த காசுப்பை இழுத்ததால் ஃபாரஸ்டர் மூழ்கினார், விரிந்த பாவாடை மிதக்கவைத்ததால் அந்த அம்மா பிழைத்தார் என்று சொல்வார்கள். ஃபாரஸ்டரின் உடல் கிடைக்கவே இல்லை.

கிடங்கு என்றதும் பூமிக்கடியில் இருக்கும் பாதாள அறையை எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலானவை சரிவில் கட்டிய தடித்த கல்சுவர்க் கொட்டகைகள். வடக்குப் பார்த்த சரிவு, ஆற்று ஈரம், கடல் காற்று. கோடையில் கொதிக்கும் பள்ளத்தாக்கைவிட இங்கே ஒயின் மெல்ல முதிரும். உள்ளே நுழைந்ததும் ஒரு வாசனை வரும். ஈர மரம், உலர்ந்த திராட்சை, லேசாக பிராந்தி. பீப்பாயின் மரத் துளைகள் வழியாக ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் ஆவியாகிப் போகிறது, அதுதான் காற்றில் இருப்பது. கரையோரக் கிடங்குகளின் வாசலில் சுவரைப் பாருங்கள். எந்த வருட வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறியது என்று கோடு போட்டு வைத்திருப்பார்கள். 1909 கோடு எங்கே என்று தேடிப் பார்த்தால், இவர்கள் ஆற்றோடு பட்ட பாடு புரியும்.

எந்தக் கிடங்கு என்று கேட்பீர்கள். சாண்டமனில் கறுப்பு அங்கியும் அகலத் தொப்பியும் போட்ட கைடு கூட்டிக்கொண்டு போவார். குழந்தைகளுக்கு அது பிடிக்கும். ஃபெரெய்ராவில் அந்த அம்மாவின் கதையை விரிவாகச் சொல்வார்கள். காக்பர்னில் பீப்பாய் செப்பனிடும் தச்சர்கள் வேலை செய்வதைப் பார்க்கலாம். கிரஹாமும் டெய்லரும் மேட்டில் உள்ளவை. காட்சி அருமை, ஆனால் ஏற வேண்டும். கைவேலை பிடித்தவர்களுக்கு நான் காக்பர்னைச் சொல்வேன்.

உள்ளே சொல்வதைப் பின்தொடர இவ்வளவு தெரிந்திருந்தால் போதும். திராட்சைச் சாறு புளிக்க ஆரம்பித்த இரண்டு மூன்று நாளில், சர்க்கரை பாதி மீதமிருக்கும்போதே, 77 சதவீதத் திராட்சைச் சாராயத்தை ஊற்றிவிடுவார்கள். புளிக்கவைக்கும் ஈஸ்ட் செத்துவிடும். மீதிச் சர்க்கரை அப்படியே தங்கும். அதனால்தான் இனிப்பும் வீரியமும். நீண்ட கடல் பயணத்தில் கெட்டுப்போகாமல் இருக்கச் சாராயம் சேர்த்தது ஒரு காலம். பிறகு அதுவே ருசியாகிவிட்டது. 1703-இல் இங்கிலாந்து போர்த்துகீசிய ஒயினுக்கு வரியைக் குறைத்தது, வியாபாரம் பெருத்தது, கலப்படமும் பெருத்தது. நிறத்துக்கு எல்டர்பெரிச் சாறு கலந்தார்கள். 1756-இல் முதலமைச்சர் பொம்பால் ஒரு கம்பெனி ஏற்படுத்தி, எந்த நிலத்தில் விளைந்தது மட்டும் போர்ட் என்று கல் நட்டு எல்லை கட்டினார். கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்து அடுத்த வருடமே போர்ட்டோவில் கலகம் வெடித்தது. பலரைத் தூக்கில் போட்டார்கள்.

1986 வரை ஏற்றுமதியாகும் போர்ட் முழுவதும் காயாக் கிடங்குகள் வழியாகத்தான் போக வேண்டும் என்ற சட்டம் இருந்தது. அதற்கு முன் இந்தக் கரை எப்படி இருந்தது என்று வயதான கைடு கிடைத்தால் கேளுங்கள். மனப்பாட உரையை விட்டுவிட்டுச் சொந்தப் பேச்சுக்கு வந்துவிடுவார்.

ருசி பார்ப்பது எப்படி

மேஜையில் மூன்று சிறு கோப்பைகள் வைப்பார்கள். பெரும்பாலும் வெள்ளை, ரூபி, டானி என்ற வரிசை. ரூபி பெரிய மரத்தொட்டியில் காற்று அதிகம் படாமல் இருந்தது. அதனால் நிறம் சிவப்பாகவே இருக்கும், ருசியில் பழம் முன்னால் நிற்கும். டானி 550 லிட்டர் பீப்பாயில் வருடக்கணக்கில் கிடந்தது. மரமும் காற்றும் பட்டுப் பழுப்பாகிவிடும், வாதுமை, உலர் அத்தி, கருகிய சர்க்கரை வாசனை வரும். வெள்ளைத்தாள் மேல் கோப்பைகளைச் சாய்த்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நிறமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். பிறகு மோந்து பாருங்கள். அப்புறம் சின்ன மடக்கு, வாயில் சுழற்றி விழுங்குங்கள். இடையிடையே தண்ணீர்.

எல்லாவற்றையும் காலி செய்ய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. துப்புவதற்குப் பாத்திரம் கேட்டால் தருவார்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். குடிப்பழக்கம் இல்லாதவர்களும் சுற்றில் தாராளமாகச் சேரலாம். பார்ப்பதற்கும் கேட்பதற்குமே கொடுத்த காசு தகும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒயின் தர மாட்டார்கள், சில கிடங்குகளில் பழச்சாறு உண்டு.

கொஞ்சம் கூடக் கொடுத்து ஏதாவது ஒன்றை மேம்படுத்திக்கொள்ளலாம் என்றால், '20 வருட டானி' ஒரு கோப்பை கேளுங்கள். 'விண்டேஜ்' என்ற பெயர்தான் பெரியது. நல்ல வருடத்துத் திராட்சையில் செய்து இரண்டு மூன்று வருடத்தில் புட்டியில் அடைத்து, புட்டிக்குள்ளேயே பல பத்தாண்டுகள் முதிர வேண்டியது. இளசாகக் குடித்தால் முதல் முறை ருசி பார்ப்பவருக்கு நாக்கு வறண்டுவிடும்.

வாங்குவதானால், தலையில் பிளாஸ்டிக் மூடியோடு சேர்ந்த தக்கை உள்ள புட்டி உடனே குடிக்கத் தயாரானது. டானியைத் திறந்த பிறகும் குளிர்பதனப் பெட்டியில் சில வாரம் தாங்கும். முழுநீளத் தக்கை உள்ள விண்டேஜைத் திறந்தால் ஓரிரு நாளில் முடித்துவிட வேண்டும், அடியில் கசண்டும் இருக்கும். கழுத்தில் எண்ணிட்ட முத்திரைத்தாள் இருக்கிறதா என்று பாருங்கள். போர்ட் ஒயினைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு சோதித்துக் கொடுப்பது அது. புட்டி கைப்பையில் வராது, பெரிய பெட்டியில் துணி சுற்றி வையுங்கள். இந்தியாவுக்குள் ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம்.

திரும்பும் வழி

கிடங்கிலிருந்து வெளியே வந்ததும் பாலத்தின் கீழ்த்தளம் வழியாகவே திரும்பிவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் எதிர்க்கரையில் காலையில் இறங்கிய அத்தனை மேட்டையும், ஒயின் குடித்த பிறகு, ஏற வேண்டியிருக்கும். அதற்குப் பதில் கரையிலிருந்து கேபிள் கார் பிடித்து மொர்ரோ பூங்காவுக்குப் போங்கள். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று முன்பே பார்த்துவையுங்கள், குளிர்காலத்தில் சீக்கிரம் நிறுத்திவிடுவார்கள்.

பூங்காவுக்கு மேலே செர்ரா டோ பிலார் மடம். ஐந்து நிமிடம் நடந்து அதன் முற்றத்துக்குப் போனால் போர்ட்டோ முழுவதும் கண்ணில் விழும். மிதவைப் பாலம் முறிந்து ஆறு வாரத்துக்குப் பிறகு, பிற்பாடு வெலிங்டன் பிரபு என்று அறியப்பட்டவர் இங்கிருந்துதான் படையை நடத்தினார்; ஒயின் ஏற்றும் படகுகளில் வீரர்களை ஏற்றி ஆற்றைக் கடக்கவைத்து பிரெஞ்சுக்காரர்களை விரட்டினார்.

அங்கிருந்து பாலத்தின் மேல்தளம் சமதரைதான், சாவோ பென்ட்டோ வரை பத்துப் பன்னிரண்டு நிமிடம். அதே தளத்தில் மெட்ரோவும் ஓடுகிறது, நடுவே தடுப்பு இல்லை. மணி அடித்தால் ஒதுங்குங்கள், தண்டவாளத்தில் நின்று படம் எடுக்காதீர்கள். உயரம் பயம் உள்ளவர்கள் மொர்ரோவில் மெட்ரோ ஏறினால் அடுத்த நிறுத்தமே சாவோ பென்ட்டோ.

இரண்டாவது நாள் கிடைத்தால் கைடு தேவையில்லை. சாவோ பென்ட்டோவிலிருந்து பின்யாவ் ஊருக்கு ரயில் போகிறது, சுமார் இரண்டரை மணி நேரம். காலை வண்டிக்கு முன்கூட்டியே வந்து, போகும்போது வலது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆறு அந்தப் பக்கம்தான் வரும். திரும்பும் வண்டிகள் குறைவு, இறங்கியதுமே நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.